கொழும்பில் கவிதையை வாய்விட்டு வாசிக்க

தம்பி,

கோவையிலிருந்து வேலைக்கு வந்து வெள்ளவத்தையில் குடியிருப்பதாகவும், அலுவலகத்தில் ஆங்கிலமும் சிங்களமும்தான் என்றும், ஊரில் நண்பர்களோடு உட்கார்ந்து கவிதை வாசித்த வழக்கம் அறுந்துபோனது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இங்கே யாரோடு வாசிப்பது, என் தமிழைக் கேட்டுச் சிரிப்பார்களா என்று கேட்கிறீர்கள். தஞ்சாவூரில் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்து, தலை நரைக்கும்வரை இருந்துவிட்டவள் சொல்கிறேன்: கவிதையை வாய்விட்டு வாசிக்க ஆசைப்படுகிறவர்களுக்குக் கொழும்பு ஒரு கொடுப்பினை.

யாழ்ப்பாணத்தார், மட்டக்களப்பார், மன்னார்க்காரர், மலையகத்தார், கொழும்பு முஸ்லிம்கள் என்று இத்தனை பேரின் தமிழும் ஒரே அறையில் கிடைக்கும் ஊர் இது. ஒரே கவிதையை ஆளுக்கொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். யாழ்ப்பாணத்தார் ‘காற்று’, ‘நேற்று’ என்பதை எப்படிச் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். நாம் மேடையில் ‘ட்ர’ என்று உருட்டுவோம். அவர்கள் நாக்கு மேல்பல்லுக்குப் பின்னால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நின்றுவிடும். அடுத்த அடியில் ‘கூற்று’ வந்து அதே இடத்தில் தட்டும்போது உடம்பு சிலிர்க்கும். எதுகையும் மோனையும் பரீட்சைக்காக அல்ல, காதுக்காகத்தான் என்பது எனக்கு இந்த ஊரில்தான் உறைத்தது.

‘மஹாகவி’ என்ற பெயரில் எழுதிய ஈழத்துக் கவிஞர் து. உருத்திரமூர்த்தியை (1927–1971) தேடிப் படியுங்கள். நம் பக்கத்தில் அவரைப் பலருக்குத் தெரியாதது எனக்குத் தீராத ஆற்றாமை. கண்ணால் படித்தால் யாரோ பேசிக்கொண்டு போவது போலிருக்கும். சத்தமாக வாசித்தால் உள்ளே யாப்பு பிசகாமல் ஓடுவது தெரியும். லிமெரிக் என்ற ஆங்கில வேடிக்கைப் பாட்டின் சாயலில் ‘குறும்பா’ என்ற ஐந்தடிப் பாட்டை நமக்குத் தந்தவரும் அவரே. கூட்டத்தில் வாசிக்க அதைப்போல் கைகொடுப்பது வேறில்லை. ஈழத்துக் கவிஞர்களான முருகையனையும் நீலாவணனையும் கூடவே எடுத்துக்கொள்ளுங்கள். நூலகம் இணையத்தளத்தில் ஈழத்து நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்சில் வேண்டுமென்றால் செட்டியார் தெரு பூபாலசிங்கம் புத்தகசாலைக்குப் போங்கள்.

ஆட்களைத் தேட நீங்கள் வெகுதூரம் அலைய வேண்டாம். 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையிலேயே இருக்கிறது, நூலகமும் உண்டு. பௌர்ணமிதோறும் இங்கே போயா விடுமுறை. அந்த நாள்களில் கவியரங்கு நடத்துவது வலம்புரி கவிதா வட்டத்தாரின் வழக்கம். முதலில் போய்க் கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள். இரண்டு மூன்று முகங்கள் பழகிவிட்டால் வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.

நாங்கள் வீட்டில் கூடுவதுதான் எனக்கு மேடையைவிடப் பிடித்தது. இஞ்சி போட்ட பிளேன்டீ, கொஞ்சம் கடலை வடை, ஆளுக்கொரு கவிதை. கடலோர ரயில் பாதை பக்கத்திலேயே இருப்பதால் ரயில் வந்தால் வாசிப்பவர் நிறுத்திவிடுவார். அது கடந்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடர மாட்டார். அந்த இரண்டடிக் கண்ணியை முதலிலிருந்து எடுப்பார். இது யாரும் சொல்லி வைத்த விதி அல்ல, ஆனால் எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம். ஓசை அறுந்த இடத்தில் ஒட்டுப்போட முடியாது.

பிரதி எடுத்து முதலிலேயே எல்லார் கையிலும் கொடுக்காதீர்கள். காகிதம் கைக்கு வந்தால் கண் கீழே போய்விடும், காது மூடிக்கொள்ளும். ஒருமுறை வாசித்து, கொஞ்சம் பொறுத்து, இன்னொருமுறை வாசியுங்கள். பொருள் இரண்டாம் முறையில்தான் பிடிபடும். நடித்துக் காட்ட வேண்டாம். வீட்டில் பலமுறை வாசித்து, சந்தி எங்கே பிரிகிறது, மூச்சு எங்கே விட வேண்டும் என்று பார்த்துக்கொண்டால் போதும். தொடக்கத்தில் சொந்தக் கவிதையை விட்டுவிட்டு, உங்களுக்குப் பிடித்த வேறொருவர் கவிதையை எடுங்கள். பாராட்டுவார்களா என்ற தவிப்பு இல்லாமல் கவிதையோடு மட்டும் இருக்கலாம்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 1983 இனக்கலவரத்தை நேரில் கண்டவர்களும் போரில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். வாசித்துக்கொண்டிருப்பவரின் குரல் பாதியில் நின்றுபோனால் என்ன, ஏது என்று கேட்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர் தாளை வாங்கி மீதியை வாசிப்பார். சில நாள்களில் அந்தப் பக்கத்து ஆள் நீங்களாகவே இருப்பீர்கள். தயங்காமல் வாங்கி வாசியுங்கள்.

சிரிப்பார்களா என்றால், சிரிக்க மாட்டார்கள். இந்த ஊர்த் தமிழை ஒட்டவைத்துப் பேச முயலவும் வேண்டாம். கொங்குத் தமிழில் எழுதிய கவிதை ஒன்றை எடுத்து, உங்கள் வீட்டில் பேசுகிற அதே இழுப்போடு வாசியுங்கள். இங்கிருப்பவர்கள் அதைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள். அடுத்த போயாவுக்கு எங்கள் வீட்டுக்கே வந்துவிடுங்கள், தம்பி. முதல் கவிதை உங்களுடையது.