மேலே பெயின்ட், உள்ளே ஓதம்

கேள்வி: ஆறு மாதம் முன்பு பழைய அடுக்குமாடி வீடு ஒன்றை வாங்கினேன். முதல் மழைக்கே படுக்கையறைக் கூரை ஒழுகுகிறது. "நீங்கள் கேட்கவில்லையே" என்கிறார் விற்றவர்.

பதில்: அது சாக்கு. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவுப்படி, கேட்காவிட்டாலும் விற்பவர் சொல்லியாக வேண்டிய குறைகள் உண்டு. குறை முக்கியமானதாக இருக்க வேண்டும். அவருக்குத் தெரிந்து, உங்களுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்ணில் படாததாக இருக்க வேண்டும்.

அவருக்கு முன்பே தெரியும் என்று நிரூபிப்பதுதான் பெரும்பாடு. அதனால் சுரண்டிப் பூசிவிடாதீர்கள்! முதலில் தேதியோடு படம் எடுங்கள். கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். பழைய ஒட்டுப்பூச்சு இருந்தால் அதையும் குறிப்பிடச் சொல்லுங்கள். குடியிருப்போர் சங்கத்தில் பழைய புகார்க் கடிதம் இருக்கிறதா? மேல்வீட்டுக்காரர் என்ன சொல்கிறார்? இவை கைக்கு வந்தபின் வக்கீல் நோட்டீஸ்.

வீடு முழுக்க மங்கிக் கிடக்க, ஒரு சுவர் மட்டும் புதுப் பெயின்ட்டில் பளபளப்பதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். ஓதத்தை மறைக்க அதைவிட மலிவான வழி கிடையாது. தரையிலிருந்து ஏறும் ஓதம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் நின்றுவிடும்; உப்புப் பூக்கும், பூச்சு உதிரும். மேலிருந்து இறங்கினால் கூரையில் விளிம்பு கருத்த கறை தெரியும். குளியலறைச் சுவரின் மறுபக்கத்தைத் தட்டுங்கள். பூச்சு விட்டிருந்தால் பொள்ளென்று கேட்கும். அலமாரியை நகர்த்திப் பாருங்கள் (நகர்த்தாமல் வாங்கியவன்தான் நானும்). மழை பெய்த மறுநாள் இன்னொரு முறை போங்கள்.

கேள்வி: பார்க்கப் போனபோதே வரவேற்பறைச் சுவரில் விரல் நுழையும் விரிசல். இப்போது வழக்குப் போடலாமா?

பதில்: பார்த்துவிட்டுத்தானே வாங்கினீர்கள்?

கேள்வி: வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது. நாளை முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: அதில் பதிவான ஆவணங்கள் மட்டுமே வரும், அதுவும் நீங்கள் கேட்ட ஆண்டுகளுக்கு மட்டும். சொத்துவரி பாக்கி அதில் தெரியாது; பாகம் கேட்டு நடக்கும் வழக்கும் தெரியாமல் போகலாம். மூலப் பத்திரத்தை நகலாகப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். அசல் எங்கே என்று கேளுங்கள். நீங்கள் கேட்டால் காட்ட வேண்டியது விற்பவர் கடமை. கடன், வழக்கு, வாடகைக்காரர், ஒழுகல், கறையான் பற்றிய கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தோடு பதில் வாங்குங்கள். வாயால் சொன்னதை நாளை மறுப்பார். "உள்ளது உள்ளபடி ஏற்கிறேன்" என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால் வக்கீலைக் கேட்காமல் கையெழுத்திடாதீர்கள். 55-ஆம் பிரிவு தரும் பாதுகாப்பை ஒப்பந்தத்தாலேயே விலக்க முடியும்.

கேள்வி: நான் விற்பவன். போன வருடம் கறையானுக்கு மருந்து அடித்தேன். இப்போது இல்லை. சொல்ல வேண்டுமா?

பதில்: சொல்லுங்கள். மருந்து அடித்த ரசீதையும் உத்தரவாதச் சீட்டையும் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.