தோட்டத்து ஊர்களில் கட்சிகள் இணையம் வழியாக அடிமட்ட ஆதரவாளர்களை எப்படிப் பிடித்து வைக்கின்றன?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊர்களில் இது எப்படி நடக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பேஸ்புக் பக்கம் முகப்பு மட்டும்தான். உண்மையான வேலை கிளைத் தலைவரின் வாட்ஸ்அப் குழுவில் நடக்கிறது. அங்கே கொள்கை விளக்கம் குறைவு. யார் வீட்டில் இறப்பு, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், கோயில் திருவிழா என்றைக்கு, உதவித்தொகை மனுவுக்குக் கடைசித் தேதி எது, இவைதான் அதிகம். “அண்ணே, லயத்துல ரெண்டு நாளா தண்ணி இல்ல” என்று, லயம் எனப்படும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து ஒருவர் குரல் பதிவு போடுவார். அது சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குப் போகும். தண்ணீர் லாரி வந்ததும் படம் எடுத்துக் குழுவில் போடுவார்கள். எந்த மேடைப் பேச்சையும் விட அந்தப் படத்துக்கு மதிப்பு அதிகம்.

1999இல் தொடங்கிய மலேசியாகினி போன்ற செய்தித் தளங்கள் 2008 தேர்தலில் எதிர்க்கட்சிகளுக்குக் கைகொடுத்தன. அப்புறம் 2021 டிசம்பரில் வாக்களிக்கும் வயது 18 ஆனது, வாக்காளர் பதிவும் தானாக நடக்கத் தொடங்கியது. 2022 பொதுத் தேர்தலில் கட்சிகள் டிக்டாக்கில் இறங்கியதற்கு அந்த இளம் வாக்காளர்கள் முக்கியக் காரணம்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. தோட்டத் தொழிலாளர் வீட்டுடைமை பற்றி யாராவது கேட்டால், சில குழுக்களில் நிர்வாகி மட்டுமே எழுதலாம் என்று பூட்டிவிடுகிறார்கள். பதில் சொல்ல வேண்டிய இடமே அதுதான்.