டவர் போனால் வைஃபை கை கொடுக்குமா?

வாசகர் கேள்விகளுக்கு, தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில் கைபேசி டவர் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: ஐயா, வணக்கம். மெர்பேங்கில் இருக்கிறோம். லோட்ஷெடிங் (முறை வைத்து மின்சாரத்தை வெட்டுவது) வந்தால் கொஞ்ச நேரத்தில் கைபேசியில் சிக்னல் போய்விடும். ரூட்டருக்கு மகன் ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி வைத்திருப்பதால் ஃபைபர் மட்டும் ஓடும். "வைஃபை காலிங் போட்டு வையுங்கள் அம்மா" என்று ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து சொல்கிறான். வாட்ஸ்ஆப்பில் பேசுவதும் இதுவும் ஒன்றுதானா? பேசிக்கொண்டே கேட் வரை நடந்தால் சில நாள் ஏன் அறுந்துபோகிறது?

பதில்: ஒன்றல்ல அம்மா. வாட்ஸ்ஆப்பில் பேச எதிரில் இருப்பவரிடமும் வாட்ஸ்ஆப் இருக்க வேண்டும். வைஃபை காலிங்கில் உங்கள் வழக்கமான நம்பரிலிருந்தே அழைப்பு போகும். லேண்ட்லைன் வைத்திருக்கும் அக்காவுக்கும் போடலாம். காசும் பொதுவாகச் சாதாரண அழைப்புக்கு உள்ளதுதான்.

உங்கள் கைபேசி வீட்டு வைஃபை வழியாகச் சிம் கம்பெனியின் வாசலுக்கு ஒரு ரகசியக் குழாய் போடுகிறது. அந்த வாசலுக்கு ஈபிடிஜி என்று பெயர். அங்கே சிம் தன்னை யாரென்று நிரூபிக்கிறது. அதைத் தாண்டிவிட்டால், டவர் வழியாக வரும் 4ஜி அழைப்பு எந்த இயந்திரத்தில் போய்ச் சேருமோ அதே இயந்திரத்தில்தான் இதுவும் சேரும். நடுவில் டவர் மட்டும் இல்லை.

கேட் விஷயத்துக்கு வருகிறேன். வைஃபை மங்கும்போது கைபேசி அழைப்பை 4ஜிக்கு மாற்றப் பார்க்கும். இரண்டு வழியும் கம்பெனிக்குள் ஒரே இடத்தில் கட்டப்பட்டிருப்பதால், கைபேசியின் இணைய முகவரி மாறாமலே பாதை மட்டும் மாறும். நன்றாக நடந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. இதற்குக் கேட் அருகே 4ஜி இருக்க வேண்டும், 4ஜியில் பேசும் வசதியும் (வோல்டி) உங்கள் கைபேசியில் ஆன் ஆகியிருக்க வேண்டும். 2ஜி மட்டும் இருந்தாலோ டவரே அணைந்திருந்தாலோ அழைப்பு அறுந்துவிடும். சில கைபேசிகள் வேறு, செத்துக்கொண்டிருக்கும் வைஃபையைக் கடைசி மூச்சு வரை விடாது. மின்வெட்டு நேரத்தில் பேசினால் வீட்டுக்குள்ளேயே இருந்து பேசி முடியுங்கள்.

டவர் ஏன் இப்படிச் சாகிறது என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் திட்டு முழுக்க டெக்னீஷியனுக்குத்தான் விழும். மின்சாரம் போனால் டவர் பேட்டரியில் ஓடும். இரண்டு மணி நேரம் வெட்டினால் தாக்குப் பிடிக்கும். ஆனால் திரும்ப முழுசாக ஏற அதைவிட அதிக நேரம் வேண்டும். 2023-இல் நாளுக்கு மூன்று நான்கு தடவை வெட்டியபோது அரைகுறையாக ஏறிய பேட்டரிதான் அடுத்த வெட்டைச் சந்தித்தது. அப்படியே அதன் ஆயுளும் போய்விடும். பேட்டரித் திருட்டு தனிக் கொடுமை. கதவை உடைத்து, கேபிளை அறுத்து, ரேக்கைக் காலியாக்கிவிட்டுப் போன அறைகளைப் பார்த்து நின்றிருக்கிறேன். அந்த ஒரு டவரை நம்பி எத்தனை வயதானவர்கள் தனியாக இருக்கிறார்கள் என்றுதான் மனசு அடித்துக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை: அவசரத்துக்கு 112 அழைக்கும்போது வைஃபை வழியாகப் போனால், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது அவர்களுக்குச் சரியாகத் தெரியாமல் போகலாம். முகவரியை முதலில் சொல்லுங்கள்.

கேள்வி: அங்கிள், நான் குவாசுலு-நடால் பல்கலைக்கழக மாணவன். பல்கலைக்கழகங்கள் கூட்டாக வைத்திருக்கும் எங்கள் எடுரோம் வைஃபை, கேப் டவுன் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் தானாகவே சேர்ந்துகொள்கிறது. மால் வைஃபையில் மட்டும் ஏன் ஒவ்வொரு தடவையும் நம்பர் கொடு, விளம்பரம் பார் என்கிறது? சிம்மை வைத்தே உள்ளே விட முடியாதா?

பதில்: முடியும் தம்பி, தாராளமாக முடியும். இதைக் கேட்டதற்காகவே உனக்கு நீளமாக எழுதுகிறேன்.

எடுரோமில் நீ கேப் டவுனில் நின்றாலும், உன்னைச் சோதிப்பது உன் சொந்தப் பல்கலைக்கழகம்தான். கேப் டவுன் வைஃபை கேள்வியை இங்கே அனுப்பி, "ஆமாம், எங்கள் பிள்ளைதான்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறது. சிம்மிலும் இதேதான். சிம்முக்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. அதன் ஜோடி கம்பெனியிடம் மட்டும். கம்பெனி ஒரு எண்ணை அனுப்பும், சிம் சாவியைக் கொண்டு கணக்குப் போட்டு விடையைத் திருப்பும். சாவி சிம்மை விட்டு வெளியே வருவதே இல்லை. டவரில் நீ சேர்வது இப்படித்தான். அதே பரீட்சையை வைஃபையிலும் நடத்துவதற்கான ஈஏபி-சிம், ஈஏபி-ஏகேஏ முறைகள் 2006-லேயே எழுதி வெளியிடப்பட்டுவிட்டன. எந்த வைஃபை உன் கம்பெனியோடு ஒப்பந்தம் வைத்திருக்கிறது என்று கைபேசியே சேர்வதற்கு முன்னால் விசாரித்துக்கொள்ளும் பாஸ்பாயின்ட் முறை 2012-இல் வந்தது. இப்படிப்பட்ட வைஃபைகளையும் கம்பெனிகளையும் ஒரே கூட்டாகச் சேர்க்கும் ஓப்பன்ரோமிங் 2020-இல்.

ஆக, கருவி எல்லாம் தயார். ஒப்பந்தம்தான் குறை. மால்காரருக்கு உன் நம்பரும் விளம்பரமும் வேண்டும். கம்பெனிக்கு டேட்டா விற்க வேண்டும். இந்த நாட்டில் டேட்டா விலைக்காக எவ்வளவு போராடினோம்! போட்டி ஆணையம் விசாரித்த பிறகுதான், 2020 ஏப்ரலில் வோடாகாம் கம்பெனி ஒரு மாத 1 ஜிபியை 149 ராண்டிலிருந்து 99 ராண்டுக்கு இறக்கியது. அந்த 99 ராண்டும் நம் பென்ஷன்காரர்களுக்குப் பெரிய காசாகத்தான் இருந்தது. நூலகம், கிளினிக், டாக்ஸி ரேங்க் என்று மக்கள் மணிக்கணக்கில் காத்திருக்கும் இடங்களில் சிம்மைக் கண்டதும் திறக்கிற வைஃபை இருக்க வேண்டும் என்பது என் திடமான கருத்து. நீ படித்து முடித்து இந்தத் துறைக்கே வா.

கேள்வி: சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோயிலில் காவடி அன்று ஒருவருக்கும் நெட் கிடைப்பதில்லை. இந்த வருஷம் வைஃபை போடலாமா? பாஸ்வேர்டை போர்டில் எழுதி வைத்தால் போதுமா?

பதில்: போடுங்கள். ஆனால் முதலில் ஒன்று: வைஃபைக்கான இணையத்தை 4ஜி ரூட்டரிலிருந்து எடுக்காதீர்கள். கூட்டத்தில் திணறிக்கொண்டிருக்கும் அதே டவரிடம்தான் மறுபடியும் போய் நிற்பீர்கள். ஃபைபர் வேண்டும். அதிலும் அப்லோட் வேகத்தைக் கேட்டு வாங்குங்கள். காவடி அன்று எல்லாரும் வீடியோ அனுப்புவார்கள், பார்ப்பவர்கள் குறைவு.

உயரத்தில் ஒரே ஒரு பெரிய ஆன்டெனா வைப்பதைவிட, சின்னப் பெட்டிகள் பலவற்றைப் பவர் குறைத்து, மண்டபம், அன்னதானக் கூடம், செருப்பு விடும் இடம் என்று பரப்புங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான்; முடிந்தவரை 5 கிகாஹெர்ட்ஸில் ஓட்டுங்கள். காணிக்கை வாங்கும் கார்டு மெஷினுக்குத் தனி நெட்வொர்க், அதன் பாஸ்வேர்டு கமிட்டியிடம் மட்டும். பக்தர்களுக்கானதை போர்டில் எழுதலாம், ஆனால் ஒரு கைபேசி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி தடுப்பைப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: டோங்காட்டிலிருந்து எழுதுகிறேன். நூலகத்து இலவச வைஃபையில் பேங்க் ஆப் திறக்கலாமா?

பதில்: ஆப் தன் பேச்சைத் தானே பூட்டித்தான் அனுப்புகிறது, திறக்கலாம். பேங்க் பக்கத்தை பிரவுசரில் திறந்து "சான்றிதழ் சரியில்லை" என்று வந்தால் மட்டும் அப்படியே மூடிவிடுங்கள். நூலகத்தின் பெயரிலேயே வேறு யாரும் வைஃபை வைக்க முடியும். பெயரை மேசையில் இருப்பவரிடம் கேட்டுச் சேருங்கள். சேரும் பக்கம் ஏதாவது ஆப் இறக்கச் சொன்னாலோ கார்டு நம்பர் கேட்டாலோ, வைஃபையை அணைத்துவிட்டு அவரிடமே போய்ச் சொல்லுங்கள்.