வாடிய செடிக்கு டானிக் வாங்கலாமா?

கேள்வி: வேலூரில் மொட்டை மாடியில் தக்காளி, ரோஜா, செம்பருத்தி வைத்திருக்கிறேன். கத்திரி வெயில் தொடங்கியதிலிருந்து மதியமானால் எல்லாம் துவண்டுவிடுகின்றன. தினமும் மூன்று வேளை தண்ணீர் விட்டும் ரோஜாவின் அடி இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. நர்சரியில் டானிக்கும், மண் ஈரம் பார்க்கும் மீட்டரும் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இரண்டுமே இப்போது வேண்டாம். முதலில் மதியத் தண்ணீரை நிறுத்துங்கள்.

உச்சி வெயிலில் இலை இழக்கும் நீரை வேர் அதே வேகத்தில் ஏற்ற முடியாது. அதனால் தொட்டியில் ஈரம் இருந்தாலும் செடி துவளும். சாயங்காலமோ மறுநாள் விடியலிலோ நிமிர்ந்துவிட்டால் அது வெறும் வெயில் வாட்டம்தான். காலையிலும் தலை தொங்கினால் மண்ணுக்குள் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தாகம். சொதசொதவென்று இருந்தால் வேர் காற்றில்லாமல் அழுகுகிறது. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது, அதனால் தண்ணீரில் நின்றபடியே செடி வாடும். பலரும் ஏமாறுவது இங்கேதான். வாடுகிறதே என்று இன்னும் ஊற்றி நானும் ஒரு நல்ல செம்பருத்தியை இழந்திருக்கிறேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

உங்கள் ரோஜா அந்த நிலைமையில்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. தாகத்தில் இலை ஓரம் கருகி மொறமொறப்பாகும். நீர் மிகுந்தால் அடி இலை மஞ்சளாகித் தொய்ந்து விழும். மெதுவாகத் தொட்டியிலிருந்து எடுத்து வேரைப் பாருங்கள். வெளிர் நிறத்தில் உறுதியாக இருந்தால் நல்லது. கறுத்து, குழைந்து, நாற்றம் வந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு, நீர் நன்றாக வடியும் புது மண்கலவையில், நிழலில் வையுங்கள்.

தேங்காய் நார்க்கழிவில் வளர்த்தால் கூடுதல் கவனம் வேண்டும். மேலே காய்ந்து தெரியும், உள்ளே ஈரம் நிற்கும். முழுக்கக் காய்ந்துவிட்டாலோ, ஊற்றும் தண்ணீர் ஓரமாக வழிந்து அடித்துளை வழியே போய்விடும், நார் நனையவே நனையாது. தொட்டியைத் தூக்கிப் பாருங்கள், கனம் சொல்லிவிடும். லேசாக இருந்தால் வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் வையுங்கள்.

மலிவான மீட்டர்கள் ஈரத்தை நேராக அளப்பதில்லை, மண்ணில் ஓடும் மின்சாரத்தைக் காட்டுகின்றன. உப்பு மிகுந்த மண்ணில் அதிக ஈரம் என்றும், பொலபொலப்பான நாரில் காய்ந்தது என்றும் தவறாகச் சொல்லும். உங்கள் விரலே போதும். டானிக்கில் உரச்சத்து இருந்தால், நோயுற்ற வேருக்கு அந்த உப்பு இன்னொரு சுமை. புதுத் துளிர் வந்த பிறகு யோசிக்கலாம்.

அந்தப் பணத்தில் நிழல்வலை வாங்குங்கள். 50 சதவீதம், அதாவது பாதி வெயிலை மறைப்பது, என்று கேட்டு வாங்குங்கள். 75, 90 சதவீத வலைகளும் கடையில் இருக்கும்; தக்காளிக்கும் ரோஜாவுக்கும் அது இருட்டு. சுடும் தளத்தில் தொட்டிகள் படாமல் செங்கல் மேல் வையுங்கள். விடியற்காலையில் நீர் விடுங்கள். அப்புறம், தக்காளிப் பூ கொட்டினால் பதற வேண்டாம். வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் அது பிஞ்சு பிடிக்கத் திணறும், அதற்கு எந்த டானிக்கும் மருந்தில்லை.