மகளின் பரேடும் அப்பாவின் ஆசையும்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 39. தனியார் நிறுவனமொன்றில் கணக்கு வேலை. எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள், பள்ளியில் என்.சி.சி.க்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். போர் வந்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று என் மனைவி பயப்படுகிறாள். எனக்கோ பழைய ஆசை கிளம்பிவிட்டது. தோனி இருக்கும் பிராந்திய ராணுவத்தில் (டெரிடோரியல் ஆர்மி) வேலையை விடாமலேயே சேரலாமாமே? நண்பர்கள் இரண்டையும் கிண்டல் செய்கிறார்கள்; கேள்வி கேட்காத ஆட்களைத் தயாரிக்கும் இடங்கள் என்கிறார்கள். தாங்களும் என்.சி.சி.யில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

ர.

அன்புள்ள ர.,

உங்கள் மனைவியின் பயம் நியாயமானதுதான், ஆனால் ஆள் மாறிவிட்டது. அவர் பயப்பட வேண்டியது மகளுக்காக அல்ல, உங்களுக்காக.

தேசிய மாணவர் படை, அதாவது என்.சி.சி., 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. அதில் இருக்கிறார் என்ற காரணத்துக்காக எந்த மாணவரையும் போர்ப்பணிக்கு அனுப்ப முடியாது. சீனப் போருக்குப் பின் 1963இல் கல்லூரி மாணவர்களுக்கு அதைக் கட்டாயமாக்கினார்கள். 1968இல் மீண்டும் அவரவர் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். உங்கள் மகளுக்குக் கிடைக்கப்போவது பரேடு, கேம்ப், வாய்ப்பிருந்தால் .22 ரைஃபிளில் சில குண்டுகள், கடைசியில் ஒரு 'ஏ' சான்றிதழ். கல்லூரியிலும் தொடர்ந்தால் 'பி', 'சி'. 'சி' சான்றிதழில் நல்ல தரம் வாங்கியவர்கள், பட்டப்படிப்பு மதிப்பெண்ணும் இருந்தால், பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி நிலையத்துக்கு எழுத்துத் தேர்வு இல்லாமல் முயலலாம். தேர்வு வாரியத்தின் நேர்காணல் அப்போதும் உண்டு. சான்றிதழே வேலை என்று நினைத்துக்கொண்டு வருபவர்கள் அங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

கீழ்ப்படிதல் பற்றி உங்கள் நண்பர்கள் சொல்வதை நான் முழுக்கத் தள்ளமாட்டேன். எங்களுக்குப் பொறுப்பாக இருந்த ஒருவர், பரேடு முடிந்ததும் எங்களில் நான்கு பேரைத் தன் வீட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற அனுப்புவார். நாங்களும் 'தேஜ் சல்' (விரைந்து நட) கேட்டவர்களைப்போல் விறுவிறுவென்று போனோம். அந்த ஆணைச்சொற்களே இந்தி; 'விஷ்ராம்' (இளைப்பாறி நில்) என்பது யாரோ ஒரு பையனின் பெயர் என்று ஒரு வாரம் நினைத்திருந்தேன். (அண்ணா முதல்வராக இருந்தபோது, 1968 ஜனவரியில் சட்டமன்றம் நிறைவேற்றிய மொழித் தீர்மானத்தில் என்.சி.சி.யின் இந்தி ஆணைச்சொற்களும் எதிர்க்கப்பட்டன.) நாங்கள் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றிய அதே ஆண்டு கேம்ப்பில் சாம்பாரில் புழு கிடந்தது. தட்டைக் கையில் ஏந்தி, மூன்று வரிசையாக, ஒருவரும் பேசாமல் கமாண்டரின் கூடாரத்துக்கு முன்னால் போய் நின்றோம். அப்படி நிற்கக் கற்றுக்கொடுத்தவர்களே அவர்கள்தான். மறுநாள் சாம்பார் மாறியது. மகள் பரேடிலிருந்து வந்ததும் என்ன செய்தார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டுக்கொண்டிருங்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றும் கதை வந்தால் பள்ளிக்குப் போய்ப் பேசுங்கள்.

இனி உங்கள் ஆசை. பிராந்திய ராணுவத்தை 1949 அக்டோபர் 9 அன்று தொடங்கிவைத்தவர் நம் ராஜாஜி, கவர்னர் ஜெனரலாக. தோனிக்கு 2011இல் தரப்பட்டது கௌரவப் பதவி. அந்த வழி உங்களுக்கும் எனக்கும் இல்லை. 18 முதல் 42 வயது, பட்டப்படிப்பு, சொந்தச் சம்பாத்தியம் இவை இருந்தால் அதிகாரி பதவிக்கு விண்ணப்பிக்கலாம். எழுத்துத் தேர்வு, நேர்காணல், மருத்துவச் சோதனை எல்லாவற்றையும் தாண்ட வேண்டும். பிறகு ஆண்டுதோறும் ஏறக்குறைய இரண்டு மாதப் பயிற்சி. உங்களுக்கு இன்னும் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன, முழங்கால் ஒத்துழைத்தால்.

ஆனால் இது நிரந்தர வேலையும் அல்ல, பொழுதுபோக்கும் அல்ல. 2025 மே மாதம் பாகிஸ்தானுடன் மோதல் முற்றியபோது, பிராந்திய ராணுவத்தினரைப் பணிக்கு அழைக்கும் அதிகாரத்தை அரசு தரைப்படைத் தளபதிக்கு வழங்கியது. அதன் 32 காலாட்படை பட்டாலியன்களில் 14க்கு அப்படி அனுமதி தரப்பட்டது. அவற்றில் உங்களைப்போல வேலை வெட்டி பார்த்துக்கொண்டிருந்தவர்களும் இருந்திருக்கலாம். திரும்பி வந்தால் பழைய வேலையைத் தர வேண்டும் என்று சட்டம் முதலாளிக்குச் சொல்கிறது. மாத முடிவுக் கணக்கு நேரத்தில் உங்கள் முதலாளி முகத்தை எப்படி வைத்துக்கொள்வார் என்பதைச் சட்டம் சொல்லவில்லை.

ஆகவே மகளின் படிவத்தில் இன்றே கையெழுத்துப் போடுங்கள். உங்கள் படிவத்தை மனைவியிடம் கொடுத்து, 2025இல் நடந்ததையும் மறைக்காமல் சொல்லி, அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். சரி என்றால் எனக்கும் எழுதுங்கள்.

மறந்துவிட்டேன்: மகளின் புதுத் தொப்பி முதலில் தோசைக்கல்போல விறைத்து நிற்கும். ஈரமாக்கித் தலையில் வைத்து, வலப்பக்கம் சாய்த்து, காயும்வரை கழற்றாமல் இருக்கச் சொல்லுங்கள்.