வாசகர் கேள்வி: வீட்டு வைஃபை ஏன் இழுக்கிறது?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை வீட்டு வைஃபை பற்றியவை என்பதால் மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். பதிலுக்குப் போகும் முன் ஒரே ஒரு விஷயம். வீட்டு வாசல்வரை வரும் இணையம் வேறு, வாசலிலிருந்து உங்கள் கைக்கு வரும் வைஃபை வேறு. வந்த கேள்விகள் பலவற்றில் இரண்டும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. எது கெட்டிருக்கிறது என்று தெரியாமல் செலவு செய்தால் கெடாததற்குத்தான் பணம் கட்டுவீர்கள்.

கேள்வி: எங்களுடையது ஐந்தறை வீடு. ஃபைபர் பெட்டி, ரவுட்டர் எல்லாம் பாம் ஷெல்ட்டர் எனும் புகலிட அறைக்குள் இருக்கின்றன. வரவேற்பறையில் பரவாயில்லை, மாஸ்டர் பெட்ரூமில் ஒரு கோடுதான் காட்டுகிறது. மகன் ஸூமில் பேசும்போது படம் அப்படியே நின்றுவிடுகிறது. 10 ஜிபிபிஎஸ் திட்டத்துக்கு மாறினால் சரியாகிவிடும் என்கிறார் என் கணவர். மாறலாமா?
— வாசகி, செங்காங்

மாறாதீர்கள், இப்போதைக்கு வேண்டாம். முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். ஷெல்ட்டர் கதவைத் திறந்துவைத்து, ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று கைப்பேசியில் வேகத்தைச் சோதியுங்கள், அப்புறம் படுக்கையறைக்குப் போய் அதையே செய்யுங்கள். பக்கத்தில் 500 எம்பிபிஎஸ் (ஆயிரம் எம்பிபிஎஸ் ஒரு ஜிபிபிஎஸ்), படுக்கையறையில் 20 என்று வந்தால் இணையத்தில் ஒரு குறையும் இல்லை, வழியில் சுவர் நிற்கிறது என்று அர்த்தம். இப்போது வருகிற வேகமே படுக்கையறைக்குப் போய்ச் சேரவில்லை, 10 வந்தால் மட்டும் எப்படிப் போகும்? இன்னொன்று, வைஃபை 5 உள்ள கைப்பேசி ரவுட்டருடன் பெரும்பாலும் அதிகபட்சம் 866 எம்பிபிஎஸ்ஸில்தான் இணையும், அதிலும் கைக்குக் கிடைப்பது 500, 600தான். பல கணினிகளில் பெரிய கோப்புகளை இறக்கி ஏற்றுகிறவர்களுக்குப் பெரிய திட்டம் பயன்படலாம். ஸூமில் நன்றாகப் பேச, நின்று நிதானமாக வரும் சில எம்பிபிஎஸ் போதும்.

பிரச்சினை அந்த அறைதான். 1998 முதல் சிங்கப்பூரில் புதிதாகக் கட்டப்படும் வீடுகளுக்குப் புகலிட அறை கட்டாயம். இரும்புக் கம்பி நெருக்கமாக வைத்த தடித்த கான்கிரீட், எஃகுக் கதவு. குண்டுவெடிப்பைத் தடுக்கக் கட்டியது வானொலி அலையை மட்டும் விட்டுவிடுமா? எத்தனை விலையுயர்ந்த ரவுட்டரை வாங்கி உள்ளே வைத்தாலும் கதை இதுதான்.

ஆகவே ஃபைபர் பெட்டி, அதனுடன் இணைந்த ஓஎன்டி (ஃபைபரில் வரும் ஒளியை ரவுட்டருக்குப் புரியும்படி மாற்றும் கருவி) இரண்டும் உள்ளேயே இருக்கட்டும், ரவுட்டரை மட்டும் வெளியே கொண்டுவாருங்கள். புதிய பிடிஓ (வீடமைப்புக் கழகம் முன்பதிவின்பேரில் கட்டும்) வீடு என்றால் வரவேற்பறையிலும் படுக்கையறைகளிலும் சுவரில் லேன் பாயிண்ட் (இணையக் கேபிள் செருகும் துளை) இருக்கும், அவற்றின் மறுமுனைகள் பெரும்பாலும் ஃபைபர் பெட்டிக்குப் பக்கத்தில்தான் வந்து முடியும். ஓஎன்டியிலிருந்து வரவேற்பறைக்குப் போகும் முனைக்கு ஒரு கேபிளைச் செருகினால் ரவுட்டரை டிவிக்கு அருகே, திறந்த இடத்தில் வைக்கலாம். அருகே என்றால் டிவியின் பின்னால் அல்ல. மீன் தொட்டி, பெரிய கண்ணாடி, இரும்பு அலமாரி இவற்றுக்குப் பின்னாலும் வேண்டாம். லேன் பாயிண்ட் இல்லாத வீடென்றால் தட்டையான கேபிளைக் கதவு வழியாக வெளியே இழுத்து, சுவரோரமாக ஒட்டிக் கொண்டுபோகலாம், ஆனால் கதவைச் சாத்தும்போது நசுங்கும் என்பதை நினைவில் வையுங்கள். ஷெல்ட்டர் சுவரில் ஓட்டை போட்டுத் தருகிறேன் என்று எந்த ஒப்பந்தக்காரர் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். அந்தச் சுவரை இஷ்டத்துக்குத் துளையிட முடியாது, சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை இதில் கண்டிப்பு.

இவ்வளவுக்குப் பிறகும் படுக்கையறை தடுமாறினால் மெஷ், அதாவது வைஃபையை வீடெங்கும் சேர்ந்து பரப்பும் பெட்டிகள், வாங்கலாம். ஆனால் இரண்டாவது பெட்டியைச் சிக்னல் செத்துப்போன அறைக்குள் வைப்பதுதான் வழக்கமாக எல்லாரும் செய்வது, அதைச் செய்யாதீர்கள். தன் காதில் சரியாக விழாததை அது எப்படி அடுத்தவருக்குச் சொல்லும்? பாதி வழியில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கிற இடத்தில் வையுங்கள். படுக்கையறையில் லேன் பாயிண்ட் இருந்தால் கவலையே இல்லை, கேபிளால் இணைத்து அறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். கேபிள் இல்லாமல் இணைத்தால், விலை குறைந்த இரு-அலைவரிசை (2.4, 5 கிகாஹெர்ட்ஸ்) மெஷ்களில் முதல் பெட்டியுடன் பேசுவது, உங்கள் கருவியுடன் பேசுவது என்ற இரண்டு வேலையையும் ஒரே அலைவரிசை பார்ப்பதால் வேகம் பாதியாகக் குறையும். பெட்டியின் அட்டையில் அச்சடித்திருக்கும் பெரிய எண் இதைச் சொல்லாது.

கேள்வி: 1 ஜிபிபிஎஸ் திட்டத்துக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறேன். கணினியிலோ கைப்பேசியிலோ எப்போது சோதித்தாலும் 93, 94தான் காட்டுகிறது. சேவை நிறுவனத்தைக் கேட்டால் "எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது" என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?
— வாசகர், ஈசூன்

இல்லை, அவர்கள் சொல்வது அநேகமாக உண்மை. 94 என்கிற எண்ணே துப்புக் கொடுத்துவிடுகிறது. வைஃபை பலவீனமாக இருந்தால் ஒரு தடவை 60, இன்னொரு தடவை 180 என்று ஏறி இறங்கும். எந்த நேரத்தில் பார்த்தாலும் 94லேயே நிற்கிறது என்றால் வழியில் ஏதோ ஓர் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸில் ஓடுகிறது, முகவரி முதலிய சடங்குகளுக்குக் கொஞ்சம் போக மிச்சம் 94. லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள் உள்ளன. 1 ஜிபிபிஎஸ்ஸுக்கு நான்கு ஜோடியும் வேண்டும், 100க்கு இரண்டு போதும். மற்ற இரண்டு ஜோடிகளில் ஒரு கம்பி அறுந்தால் பெட்டிகள் சத்தம் போடாமல் 100க்கு இறங்கிவிடும், எச்சரிக்கை எதுவும் வராது, இணையமும் வந்துகொண்டுதான் இருக்கும். அதனால்தான் வருடக்கணக்காகப் பலருக்கு இது தெரிவதே இல்லை.

கைப்பேசியிலும் அதே எண் என்பதால் என் சந்தேகம் ஓஎன்டிக்கும் ரவுட்டருக்கும் இடையே போகும் அந்தக் குட்டிக் கேபிள்மேல், வீட்டின் மொத்தப் போக்குவரத்தும் அதன் வழியாகத்தான் போகிறது. அதை முதலில் மாற்றுங்கள். உறையில் கேட் 5இ அல்லது கேட் 6 என்று எழுதியிருந்தால் போதும், கேட் 8 வாங்கச் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். சிம் லிம் ஸ்குவேரில் சில வெள்ளிக்குக் கிடைக்கும். மாற்றியும் 94 என்றால் ரவுட்டர் பழையதா, அதன் துளைகளே 100 எம்பிபிஎஸ்தானா, நடுவில் கேபிளைப் பல கருவிகளுக்குப் பிரித்துத் தரும் பழைய நெட்வொர்க் சுவிட்ச் ஏதும் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சுவர் வழியாகக் கேபிள் போகிற வீடாக இருந்தால் சாக்கெட்டின் பின்னால் கம்பியைச் சரியாக அழுத்தாமல் விட்டிருக்கவும் வாய்ப்புண்டு, புதுப்பிப்பு வேலை அவசரத்தில் நடக்கிற விஷயம் இது.

கேள்வி: என் வைஃபை பெயரை மறைத்துவைத்திருக்கிறேன். பாதுகாப்புக்கு அது போதும்தானே?
— வாசகர், பிடோக்

போதாது, உண்மையில் அதனால் பயனே இல்லை. மறைந்த பெயரை இலவசச் செயலிகளே கண்டுபிடித்துவிடும். போதாக்குறைக்கு மறைத்த பெயரைத் தேடி உங்கள் கைப்பேசி போகிற இடமெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். பெயரை வெளியே காட்டுங்கள், கடவுச்சொல்லை நீளமாக வையுங்கள், பாதுகாப்பு முறையாக டபிள்யூபிஏ3 இருந்தால் அது, இல்லையென்றால் டபிள்யூபிஏ2, அப்புறம் கடவுச்சொல் இல்லாமலே இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள். 2021 ஏப்ரல் முதல் இங்கே விற்கப்படும் வீட்டு ரவுட்டர்கள் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட வேண்டும். அதற்கு முன் வாங்கியது என்றால் நிர்வாகக் கடவுச்சொல் இன்னும் 'அட்மின்' என்றே இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அறை வாடகைக்கு விட்டிருந்தால் வாடகைக்காரருக்கு விருந்தினர் இணைப்பைக் கொடுங்கள், அவருக்கும் அதுதான் நல்லது.

கேள்வி: நாளுக்குச் சில தடவை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும் காணாமல் போய், ஒரு நிமிடம் கழித்துத் தானாக வருகிறது. 2.4 அப்படியே இருக்கிறது. ரவுட்டர் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை.
— வாசகர், பாசிர் ரிஸ்

நல்ல கேள்வி, அந்த ஒரு நிமிடத்தைக் கவனித்து எழுதியதற்கு நன்றி. 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 64 வரையும் 100 முதல் 144 வரையும் உள்ள சேனல்கள் (அலைவரிசையின் சிறு பிரிவுகள்) ரேடாருடன் பங்குபோட்டுக்கொள்பவை, அங்கே முன்னுரிமை ரேடாருக்குத்தான். ரேடார் மாதிரி ஏதாவது காதில் பட்டால் ரவுட்டர் உடனே அந்தச் சேனலைக் காலி செய்ய வேண்டும். அதேபோன்ற இன்னொரு சேனலுக்குப் போனால் வாய் திறக்காமல் ஒரு நிமிடம் கேட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்கலாம், நீங்கள் பார்க்கும் இடைவெளி அதுவாக இருக்கலாம். ஒருபக்கம் சாங்கி, இன்னொருபக்கம் பாய லேபார் விமானத் தளம் என்று இருக்கிற பேட்டையில் இந்தச் சந்தேகம் முதலில் வருவது நியாயம்தான். ரவுட்டரின் பதிவேட்டில் (லாக்) ரேடார் என்ற சொல் தென்படுகிறதா பாருங்கள், தென்பட்டால் உறுதி.

தானியங்கித் தேர்வை நிறுத்திவிட்டு 36 முதல் 48க்குள் அல்லது 149 முதல் 161க்குள் ஒரு சேனலைக் கையால் வையுங்கள், சேனலின் அகலத்தை 160லிருந்து 80 மெகாஹெர்ட்ஸுக்குக் குறையுங்கள், ஏனென்றால் 160 வைத்தால் ரேடார் பகுதியைத் தொடாமல் இருக்க முடியாது. கொஞ்சம் வேகம் போகும், அக்கம்பக்கத்தார் எல்லாரும் அதே சேனல்களில் நெருக்கியடித்துக்கொண்டிருப்பதால் இரவு நேரத்தில் இன்னும் கொஞ்சம் போகலாம், ஆனால் அறுபடாது. வைஃபை 6இ அல்லது 7 கருவிகள் வைத்திருந்தால் 6 கிகாஹெர்ட்ஸையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். 2023இல் இங்கே திறந்துவிட்டார்கள், இன்னும் கூட்டம் சேரவில்லை, சுவர் தாண்டுவதில் மட்டும் நோஞ்சான்.

கேள்வி: தம்பி, மகள் ஒரு ரோபோ வெக்கூம் வாங்கித் தந்தாள். என் கைப்பேசியில் வைஃபை நன்றாக வருகிறது, இந்த ரோபோ மட்டும் சேரமாட்டேன் என்கிறது. திருப்பிக் கொடுத்துவிடவா?
— வாசகி, அங் மோ கியோ

கொடுத்துவிடாதீர்கள் அம்மா. இந்த மாதிரிச் சாதனங்களில் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும், உங்கள் கைப்பேசியோ வேகமான 5இல் உட்கார்ந்திருக்கும், இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமல் தேடிக்கொண்டிருக்கும். கைப்பேசியையும் ரோபோவையும் எடுத்துக்கொண்டு ரவுட்டரிலிருந்து தள்ளி இருக்கும் அறைக்குப் போய் இணைத்துப் பாருங்கள், தூரம் போனால் கைப்பேசி பெரும்பாலும் 2.4க்கு இறங்கிவிடும். அப்படியும் சேராவிட்டால் அடுத்தமுறை மகள் வரும்போது, ரவுட்டரில் 5ஐப் பத்து நிமிடம் அணைத்துவிட்டு இணைக்கச் சொல்லுங்கள், ஒருமுறை சேர்ந்துவிட்டால் திரும்ப அணைக்கத் தேவையில்லை. பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தாலும் சேராது, 2ம் 3ம் கலந்த முறைக்கு மாற்றச் சொல்லுங்கள். மைக்ரோவேவ் ஓடும்போது இணைக்காதீர்கள், அதுவும் 2.4 பக்கம்தான் இரைச்சல் போடும்.

கேள்வி: வார இறுதியில் தஞ்சாவூரில் இருக்கும் அம்மாவுடன் வாட்ஸ்அப்பில் பேசினால் குரல் விட்டுவிட்டு வருகிறது. என் வைஃபையா, அங்கே உள்ளதா?
— வாசகர், உட்லண்ட்ஸ்

கடலைச் சந்தேகிக்க வேண்டாம். சென்னைக்கும் இங்கேயும் இடையே கடலடி ஃபைபர் 2002இலிருந்து இருக்கிறது, ஏறக்குறைய 3200 கிலோமீட்டர். ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுவதால் அந்தத் தூரம் போய்வர மில்லிநொடிக் கணக்கில் 32தான் ஆகும், காதுக்குத் தெரியாது. அம்மாவுடன் பேசி விட்டுவிட்டு வந்த உடனேயே, அதே இடத்தில் நின்றபடி, சிங்கப்பூரில் இருக்கும் ஒரு நண்பரை அழையுங்கள். அவர் குரல் தெளிவாக வந்தால் உங்கள் வீடு தப்பித்தது. பிறகு வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் அம்மாவை அழைத்துப் பாருங்கள், அப்போதும் விட்டுவிட்டு வந்தால் கோளாறு அநேகமாக அந்தப் பக்கம். அம்மாவை ரவுட்டர் இருக்கும் கூடத்துக்கு வந்து பேசச் சொல்லுங்கள், சமையலறையிலிருந்து வேண்டாம்.

கேள்வி: வீட்டைத் துடைத்ததிலிருந்து இணையம் இல்லை. ஓஎன்டியில் எல்ஓஎஸ் என்று ஒரு சிவப்பு விளக்கு மின்னுகிறது.
— வாசகர், ஜூரோங் வெஸ்ட்

ஒளி வந்து சேரவில்லை என்பதுதான் அந்த விளக்கின் பொருள், வைஃபைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சுவர்ப் பெட்டியிலிருந்து ஓஎன்டிக்கு வரும் மெல்லிய ஃபைபர் கயிறு துடைப்பம் பட்டு மடங்கியிருக்கும் அல்லது செருகி கழன்றிருக்கும். மடிப்பு இருந்தால் மெதுவாக நேராக்குங்கள், செருகி தளர்ந்திருந்தால் 'கிளிக்' என்று உட்காரும்வரை அழுத்துங்கள். கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்காதீர்கள், விரலாலும் தொடாதீர்கள். அப்படியும் சிவப்பு என்றால் கயிற்றை மாற்றத்தான் வேண்டும், சேவை நிறுவனத்தை அழையுங்கள். எடுத்த எடுப்பிலேயே "எல்ஓஎஸ் சிவப்பாக இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள், ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்லும் கட்டம் மிச்சம்.