68,000 என்றது மீட்டர், 126,000 என்றது பழைய ரசீது

கேள்வி:

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் லோரிக் குத்தகை செய்கிறேன். வயது 51. என் அப்பா தோட்டத்துத் துரையின் காருக்கு டிரைவராக இருந்தவர். அந்தக் காரைக் கழுவிக் கழுவியே வளர்ந்ததால், என்றாவது ஒரு நல்ல ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வேண்டும் என்று ஆசை. நான்கு மாதத்துக்கு முன்பு கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு பழைய கார் வியாபாரியிடம் 2014ஆம் ஆண்டு போர்ஷே பாக்ஸ்டர் ஒன்றை 198,000 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். முன்பணம் 48,000, மீதி வங்கியின் வாடகைக் கொள்முதல் கடன். விளம்பரத்தில் ‘68,000 கிலோமீட்டர், ஒரே உரிமையாளர்’ என்று இருந்தது. மீட்டரும் அதையே காட்டியது.

இரண்டாம் மாதமே கியர் மாறும்போது உதறல். ஈப்போவில் ஒரு பட்டறையில் ஸ்கேன் செய்ததில் என்ஜின் 4,400 மணி நேரம் ஓடியிருப்பதாகத் தெரிந்தது. காரின் முன்பக்கச் சாமான் அறையில் கம்பளத்துக்கு அடியில் 2019ஆம் ஆண்டு சர்வீஸ் ரசீது ஒன்றும் கிடைத்தது; அதில் 126,000 கிலோமீட்டர்! கியர்பாக்ஸ் வேலைக்கு 38,000 ரிங்கிட் ஆகுமாம். வியாபாரியோ, “பழைய காடி, உள்ளது உள்ளபடி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். வேண்டுமானால் 5,000 தருகிறேன், ஒரு காகிதத்தில் சைன் பண்ணுங்கள்” என்கிறார்.

காரைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? வங்கித் தவணையை நிறுத்தலாமா? போலீசில் புகார் செய்தால் பணம் வருமா? உண்மையைச் சொன்னால், காரை விடவும் மனமில்லை.

பதில்:

அண்ணே, முதலில் இரண்டு ‘வேண்டாம்’. அந்த 5,000 ரிங்கிட் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். தவணையை நிறுத்தவும் வேண்டாம்.

அந்தக் காகிதத்தில் ‘இத்துடன் எல்லாக் கோரிக்கைகளும் முடிந்தன’ என்ற வரி நிச்சயம் இருக்கும். 38,000 செலவை 5,000க்கு வாங்கும் வியாபாரம் அது. முதல் காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, இரண்டாவதிலும் அதே தப்பு நடக்கக் கூடாது.

தவணை விஷயம் இன்னும் முக்கியம். வாடகைக் கொள்முதல் சட்டம் 1967இன்படி, கடன் முடியும்வரை காரின் சொந்தக்காரர் வங்கிதான். நீங்கள் வாடகைக்கு எடுத்தவர். தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் வங்கி நோட்டீஸ் அனுப்பி, 21 நாள் கழித்துக் காரை இழுத்துக்கொண்டு போகலாம். கார் போனால் உங்களுடைய மிகப் பெரிய சாட்சியும் அதோடு போய்விடும். பேங்க் நெகாரா வைத்திருக்கும் சிசிரிஸ் என்ற கடன் வரலாற்றுப் பதிவிலும் உங்கள் பெயர் கெடும். அடுத்த லோரிக்குக் கடன் கேட்டுப் போகும்போதுதான் அதன் வலி தெரியும். ஆகவே கட்டிக்கொண்டே இருங்கள். ஆனால் சும்மா கட்ட வேண்டாம். ‘மீட்டர் குறைக்கப்பட்ட காரை எனக்கு விற்றிருக்கிறார்கள், என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல்தான் தவணை கட்டி வருகிறேன்’ என்று வங்கிக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் இந்த வாரமே போக வேண்டும்.

வங்கிக்கும் மீட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அதே சட்டத்தின் 8ஆவது பிரிவில் இருக்கிறது பதில். பேரம் பேசும்போது வியாபாரி சொன்ன பொய்க்காக ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமை வங்கிக்கு எதிராகவும் உங்களுக்கு உண்டு; வங்கியின் ஏஜெண்டே அந்தப் பொய்யைச் சொன்னது போல் சட்டம் எடுத்துக்கொள்கிறது. பொய் சொன்னவரிடம் நஷ்டஈடு கேட்கும் உரிமை தனி. வங்கி ஒப்பந்தத்தில் ‘இது பழைய பொருள், தரத்துக்கு உத்தரவாதம் இல்லை’ என்று ஒரு வரியும் அதன் கீழே உங்கள் கையெழுத்தும் இருக்கலாம். 7ஆவது பிரிவு அப்படி எழுதிக்கொள்ள இடம் கொடுக்கிறதுதான். ஆனால் அது தரத்தைப் பற்றியது. பொய்யை அது மூடாது.

இப்போது ‘உள்ளது உள்ளபடி’க்கு வருவோம். இந்த ஒரு வரியைக் காட்டியே எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்களோ! பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999இன் 6ஆவது பிரிவைப் பாருங்கள். அந்தச் சட்டம் தரும் உரிமைகளை எந்த ஒப்பந்தமும் பறிக்க முடியாது. பறிக்க முயல்வதே குற்றம். அதே சட்டத்தின் 10ஆவது பிரிவு, ஒரு பொருள் இதற்கு முன் எப்படி, எவ்வளவு பயன்பட்டது என்று பொய் சொல்வதைத் தடுக்கிறது. 34ஆவது பிரிவின்படி பொருள் அதன் வர்ணனைக்குப் பொருந்தியிருக்க வேண்டும். ‘68,000 கிலோமீட்டர், ஒரே உரிமையாளர்’ என்பதுதான் இங்கே வர்ணனை. விளம்பரத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இதைப் படித்து முடிப்பதற்குள் எடுத்துவிடுங்கள். நாளைக்கு அது காணாமல் போகும்.

வியாபாரி பக்கம் பலமாக இருக்கக்கூடிய ஒரு வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். 32ஆவது பிரிவு, பொருள் ‘ஏற்கத்தக்க தரத்தில்’ இருக்க வேண்டும் என்கிறது. அந்தத் தரத்தைப் பொருளின் தன்மை, விலை, விற்றவர் சொன்னது எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எடைபோடுவார்கள். விற்பதற்கு முன்பே குறையைக் காட்டிச் சொல்லியிருந்தால், அந்தக் குறைக்காகப் பிறகு வழக்குப் பேச முடியாது. அதாவது அவர் நேர்மையாக, “இது 150,000 ஓடிய காடி, கியர்பாக்ஸ் வேலை வரலாம்” என்று சொல்லி விலையையும் குறைத்திருந்தால், இன்று உங்களுக்கு வழக்கே இல்லை. ஸ்போர்ட்ஸ் கார் அதிகம் ஓடியிருப்பது ஒரு குறையே அல்ல என்பது என் எண்ணம். காலாகாலத்தில் ஆயில் மாற்றி, தினம் ஓட்டி, 130,000 தாண்டிய கார், கொட்டகையில் துணி போர்த்திக் கிடந்த காரைவிட நன்றாகவே இருக்கலாம். உங்கள் வழக்கை அந்தப் பாதையில் கொண்டுபோகாதீர்கள். ‘கியர்பாக்ஸ் கெட்டுவிட்டது’ என்று தொடங்கினால், ‘பழைய கார் கெடத்தான் செய்யும்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். ‘68,000 என்று சொல்லி விற்றாய், அது பொய்’ என்று தொடங்குங்கள். கியர்பாக்ஸ் அதற்குப் பின்னால் வரட்டும்.

அந்தப் பொய்யை நிரூபிக்க உங்களிடம் நல்ல சரக்கு இருக்கிறது. மீட்டர் எண்ணைக் குறைப்பவர்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் இடத்தில்தான் குறைப்பார்கள். என்ஜின் கணினியில் பதிவாகியிருக்கும் மணி நேரம் பல சமயம் அப்படியே இருக்கும். 68,000ஐ 4,400 மணியால் வகுத்தால் மணிக்குப் பதினைந்தரை கிலோமீட்டர். அப்பா அந்தக் காலத்தில் தோட்டத்துக்குள் சைக்கிளில் போன வேகம் அது! சராசரி 35 என்று வைத்தால்கூட 154,000 கிலோமீட்டர் வருகிறது. 2019 ரசீதின் 126,000க்கு மேல் சில வருட ஓட்டத்தைச் சேர்த்தாலும் ஏறக்குறைய அங்கேதான் வந்து நிற்கும். இரண்டும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கின்றன. மணிக்கணக்கு மட்டும் இருந்திருந்தால், ‘கோலாலம்பூர் நெரிசலில் என்ஜின் ஓடியபடி நின்ற கார்’ என்று அவர் தப்பிக்கப் பார்ப்பார். ரசீது அந்த வழியை அடைக்கிறது. ஸ்கேன் அறிக்கையில் காரின் சேசிஸ் எண், தேதி, பட்டறை முத்திரை, மெக்கானிக்கின் கையெழுத்து எல்லாம் இருக்கட்டும். ரசீதில் இருக்கும் சேசிஸ் எண்ணோ பதிவு எண்ணோ உங்கள் காருடையதுதானா என்று இன்றே ஒப்பிட்டுப் பாருங்கள். இல்லையென்றால் அது வேறு யாரோ ஒருவரின் காகிதம்.

“நீங்கள்தான் வாங்குவதற்கு முன்பே சோதித்திருக்க வேண்டும்” என்றும் சொல்வார். ஒப்பந்தச் சட்டம் 1950இன் 19ஆவது பிரிவில் அப்படி ஒரு விதிவிலக்கு உண்டு: சாதாரணக் கவனத்தோடு பார்த்து உண்மையைக் கண்டுபிடித்திருக்கலாம் என்றால், ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. ஆனால் தவறான தகவலுக்கும், மோசடியான மௌனத்துக்கும்தான் அது பொருந்தும். தெரிந்தே வாய் திறந்து சொன்ன பொய்க்கு அல்ல. மீட்டரைக் குறைத்தது அவரே என்றால் இந்த வாதம் செல்லாது. தனக்கே தெரியாது, முந்தைய உரிமையாளர் செய்தது என்றால் கொஞ்சம் இழுபறிதான். அப்போதும் பயனீட்டாளர் சட்டத்தின் 34ஆவது பிரிவு கைகொடுக்கும். வர்ணனை பொருந்தாவிட்டால் விற்றவர்தான் பொறுப்பு, அவருக்குத் தெரிந்திருந்ததா என்ற கேள்வியே அங்கே வராது. புஸ்பாகோம் வாகனச் சோதனையில் பாஸானது என்பார். அது என்ஜின், சேசிஸ் எண்களும் சாலைப் பாதுகாப்பும் சரியா என்று பார்க்கும் சோதனை. கியர்பாக்ஸின் ஆயுளுக்கு அதை உத்தரவாதமாகக் காட்ட முடியாது.

சரி, எங்கே போவது? இங்கேதான் உங்கள் மனம் முடிவெடுக்க வேண்டும்.

காரை வைத்துக்கொள்வது என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம். மலாயில் திரிபூனல் துந்துத்தான் பெங்குனா என்பார்கள். 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். பொதுவாக வழக்கறிஞர் யாரும் உள்ளே வர முடியாது, எதிர்த்தரப்புக்கும் அப்படியே. என் தொழிலுக்கு நஷ்டம்தான், ஆனால் உங்களுக்கு லாபம். கியர்பாக்ஸுக்கு 38,000, ஸ்கேன் செலவு, விலைக் குறைவில் ஒரு பகுதி என்று கணக்குப் போட்டு 50,000க்குள் அடக்குங்கள். உண்மையான நஷ்டம் அதற்கு மேல் என்றால், மிச்சத்தை விட்டுக்கொடுத்துத்தான் உள்ளே வர முடியும். இன்று 50,000, அப்புறம் வேறு மனுவில் 30,000 என்று பிரித்துக் கேட்க விடமாட்டார்கள். மூன்று வருடத்துக்குள் மனுச் செய்ய வேண்டும், உங்களுக்கு நேரம் இருக்கிறது.

காரையே திருப்பிக் கொடுப்பது என்றால் தொகை 198,000. நடுவர் மன்றம் அதைத் தொட முடியாது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் எல்லையும் 100,000தான். செஷன்ஸ் நீதிமன்றம் போய், வியாபாரியோடு வங்கியையும் சேர்க்க வேண்டும். இங்கே கடிகாரம் வேகமாக ஓடுகிறது. நியாயமான காலத்துக்குள் காரை மறுக்காவிட்டால், மறுக்கும் உரிமையே போய்விடும் என்று பயனீட்டாளர் சட்டத்தின் 43ஆவது பிரிவு சொல்கிறது. நான்கு மாதம் ஆகிவிட்டது, நீங்கள் இன்னும் ஓட்டிக்கொண்டும் இருக்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் பார்த்தால், நீங்கள் நடுவர் மன்றத்துக்கு உரிய ஆள் என்றே தோன்றுகிறது. அப்படியானால் ஒன்றை நினைவில் வையுங்கள். 2,706 சிசி காருக்குத் தீபகற்பத்தில் ரோட்டாக்ஸ் என்ற சாலை வரி மட்டும் வருடத்துக்கு 1,395 ரிங்கிட். 150,000 ஓடிய காருக்குரிய பராமரிப்புச் செலவும் இனி உங்கள் தலையில்தான். அது சம்மதம் என்றால் சரி.

கார் யார் பெயரில்? உங்கள் பெயரில் என்றால் கவலை இல்லை. குத்தகைக் கம்பெனி பெயரில் பதிந்திருந்தால், ‘இவர் பயனீட்டாளரே அல்ல, வியாபாரத்துக்கு வாங்கியவர்’ என்று கிளப்புவார்கள். அதற்குப் பதில் உண்டு, ஆனால் முன்கூட்டியே தயாராக வேண்டும்.

போலீஸ் புகார் செய்யலாம். தண்டனைச் சட்டம் 420 ஏமாற்றுக் குற்றம். ஆனால் போலீஸ் உங்களுக்குப் பணம் வசூலித்துக் கொடுக்காது. அதைவிட உள்நாட்டு வாணிப அமைச்சின் அமலாக்கப் பிரிவுக்கு எழுதுங்கள். 2011ஆம் ஆண்டு வர்த்தக விவரிப்புச் சட்டத்தில் பொருளின் பூர்வீகத்தைப் பற்றிப் பொய் சொல்வது குற்றம். அமலாக்க அதிகாரி கடை வாசலில் வந்து நின்றபின் 5,000 பேசிய வாய் வேறு எண் பேசுவதைப் பார்த்திருக்கிறேன்.

பழைய காரைக் கடையில் வாங்காமல் தனி ஆளிடம் நேராக வாங்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: வியாபாரம் செய்யாதவர் விற்றால் பயனீட்டாளர் சட்டம் உதவிக்கு வராது. ஒப்பந்தச் சட்டத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். பிரிட்டனில் ஓடி, இங்கே இறக்குமதியான ‘ரீகாண்ட்’ கார் என்றால், அங்கே இருந்த பழைய பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். மூன்று வருடம் தாண்டி அங்கே ஓடிய காராக இருந்தால், ஒவ்வொரு ஆண்டுச் சோதனையிலும் குறித்த மைல் கணக்கை அந்நாட்டு அரசின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

மீண்டும் உங்களிடம், அண்ணே. கியர்பாக்ஸை இப்போதைக்கு யாரும் கழற்ற வேண்டாம், குறிப்பாக வியாபாரி அனுப்பும் மெக்கானிக். காரைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓட்டுவதையும் நிறுத்துங்கள். தாழ்ந்த காரின் அடியில் ஒரு கீறல் கிடைத்தால் போதும், ‘செம்பனைத் தோட்டத்துக்குள் ஓட்டிக் கெடுத்தார்’ என்று கதையை மாற்றிவிடுவார்கள். பட்டணத்தில் உறவினர் வீட்டில் நிறுத்தி, அடிப்பாகத்தைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். அந்த 2019 ரசீதின் மூலப் பிரதியை ஒரு கவரில் போட்டு பீரோவுக்குள் வைத்துவிடுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள்.